முப்பிடாதியின் பரம எதிரி

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டால் முப்பிடாதியை எந்தக் காரியத்துக்காகவும் கூப்பிட முடியாது என்பது புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் தெரியும், மூட்டை வாங்க வருகிற கேரளத்து வியாபாரிகளுக்கும் தெரியும், அவளைக் கட்டிக்கொண்ட சங்கரநயினாருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் 'வானவில் சீட்டுப் போர்' என்கிற ஜப்பான் பொம்மைப்படத் தொடர் தமிழ் பேசிக்கொண்டு டிவியில் வரும். அதில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் படிப்பை ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சீட்டாட்டப் போட்டிக்குப் போவார்கள். ஒரு சீட்டைப் போட்டு அதன் பெயரை உரக்கச் சொன்னால் அதிலிருந்து பூதமோ நாகமோ எழுந்து வந்து எதிராளியின் பூதத்தோடு மல்லுக்கு நிற்கும். சீட்டை எடுக்க நீட்டிய கை சீட்டைத் தொடுவதற்குள் அந்த வாரம் முடிந்து அடுத்த சனிக்கிழமை வந்துவிடும்.

மகள் உச்சிமாகாளி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் ஒரு பேச்சுச் சத்தமாவது இருக்கட்டுமே என்று போட்டுவிட்ட டிவியில் தற்செயலாகக் கண்ணில் பட்ட தொடர் அது. நாற்பத்தாறு வயதில், தலையில் கொண்டையும் தொண்டையில் எட்டு ஊர் கேட்கிற குரலுமாக, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை ஏலக்களத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவி யார் யாருக்கோ எலுமிச்சைக் குவியலை ஜெயித்துக் கொடுக்கிற முப்பிடாதி, தனக்கென்று ஒரு குவியலைக்கூட ஏலம் கேட்டதில்லை. ஜெயிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அதனால் தொடரின் கதாநாயகன் மிக்கியோவை, ஆரஞ்சு நிறத் தலைமுடியும் எப்போதும் இளிப்புமாக வந்து கடைசிச் சீட்டில் மட்டும் அதிர்ஷ்டம் அடித்து ஜெயித்துவிடுகிற அந்தப் பயலை, அவளுக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்தது அவனோடு ஓயாமல் மோதுகிற ஜின்பேயை. வெள்ளி நிறத்தில் முகத்தில் விழும் முடி, கணுக்கால் வரைக்கும் கருநீலக் கோட்டு, சிரிப்பே கிடையாது, மலை உச்சியில் நின்று பனியில் பயிற்சி செய்வான், கஷ்டப்பட்டு வருவான், வந்து தோற்பான்.

"படிச்சவன் பெயிலாகுதான், படிக்காதவன் பாஸாகுதான். இது என்ன நியாயம்?" என்று டிவியைப் பார்த்துக் கேட்பாள். டிவி பதில் சொல்லாது. சங்கரநயினார்தான், உரக்கடையில் கணக்குப் பார்த்துக் களைத்து வந்த மனுஷன், "அது சரிதான்" என்பார்.

அரையிறுதி ஆட்டத்தில் ஜின்பே மறுபடியும் மிக்கியோவிடம் தோற்றான். கடைசிச் சீட்டுதான். ஜின்பே தன் சீட்டுகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, அஸ்தமிக்கிற சூரியனைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். நடந்தான், நடந்தான், புள்ளியாகப் போகிற வரைக்கும் நடந்தான். அடுத்த சனிக்கிழமை தொடரில் அவனைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. முப்பிடாதி அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

சூரியன் அஸ்தமிக்கிற திசையில் விடாமல் நடந்தால் எங்காவது ஒரு மலையடிவாரம் வந்துதானே தீரும். திங்கட்கிழமை ஏலம் முடிகிற நேரத்தில் ஜின்பே எலுமிச்சைச் சந்தைக்குள் நடந்து வந்தான்.

வெயில் அசையாமல் நின்ற மத்தியானம். இலைகூட ஆடவில்லை. ஆனால் அவன் கோட்டு மட்டும் படபடவென்று பறந்துகொண்டிருந்தது, அவன் முடி மட்டும் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது, அவனைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு பேனாவால் இழுத்தமாதிரி ஓடியது. நேரே பார்த்தால் ஆள், பக்கவாட்டில் பார்த்தால் காலண்டர் அட்டை. வாய் முதலில் அசைந்தது. அது ஓய்ந்த பிறகு குரல் வந்தது, நாற்பது வயது ஆம்பளைக் குரல்.

"இந்த மண்ணில் என்னோடு மோதத் துணிந்தவர் எவரேனும் உண்டா?"

சந்தை ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு சந்தைத் தலைவர் வெள்ளத்துரை அண்ணாச்சி, "தம்பி, வழியில நிக்காதீக, லோடு வருது" என்றார். முப்பிடாதி கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டு, "எய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அன்று முதல் ஜின்பே அவள் வீட்டு முன்னறையில் தங்கினான்.

ஊர் அவனைப் பழகிக்கொண்டது. முதல் பிரச்சினை பெயர். ஜின்பே என்பது ஜிம்பு ஆகி, ஜிம்பு ஜம்பு ஆகி, வாரக் கடைசிக்குள் சம்புலிங்கம் என்று நின்றது. அவன் எவ்வளவோ திருத்திப் பார்த்தான். அவன் வாய் அசைந்து குரல் வருவதற்குள் எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போயிருந்தார்கள். இரண்டாவது பிரச்சினை காற்று. அவனைச் சுற்றி ஓயாமல் அடிக்கிற காற்று வீணாகப் போகிறதே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் வற்றல் காயப்போட்டார்கள், பிறகு துணி, பிறகு கரண்டு போகிற நேரங்களில் தெருவே பாயும் விசிறியும் இல்லாமல் வந்து அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. இடுப்பில் கை வைத்துத் தூரத்து மலையைப் பார்த்தபடி அவன் தன் விதியை நினைத்துக்கொண்டு நிற்பான். அவன் முதுகுப் பக்கத்தில் யாராவது ஒரு பிள்ளையைத் தூங்கப் போட்டிருப்பார்கள். "கொஞ்சம் இடது பக்கமா நின்னு வருத்தப்படுங்க சம்பு, பாப்பாவுக்கு வெயில் படுது" என்பார்கள். அவன் நகர்ந்து நின்று வருத்தப்படுவான்.

மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை ஆள் அனுப்பினார். பள்ளிக்கூடம் போகிற வயசு என்று அவனே சொல்கிறான், ஆனால் ஆளையும் குரலையும் பார்த்தால் பிள்ளை குட்டிக்காரன்மாதிரி இருக்கிறான், மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா? "என் சான்றிதழ் என் தழும்புகளே" என்றான் ஜின்பே. அதற்கு அட்டெஸ்டேஷன் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு சீட்டு. முதல் முறை அவன் ஏலக்களத்து நடுவில் 'நீலக்கல் நாகம்' என்கிற சீட்டைப் போட்டுப் பெயர் சொன்னபோது வானம் இருண்டு, சந்தைக் கூரைக்கு மேலே மூன்று லாரி நீளத்துக்கு ஒரு நாகம் சுருண்டு எழுந்து கர்ஜித்தது. ஜனம் சிதறி ஓடியது. இரண்டாம் முறை ஓடவில்லை, கையெடுத்துக் கும்பிட்டது. மூன்றாம் முறை, "கொஞ்சம் தள்ளிக் கிழக்கால வரச் சொல்லுங்க, நிழல் இங்க விழணும்" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேட்டார்கள். நாகத்தின் வயிற்று நிழலில் பழம் வாடாமல் இருக்கிறது என்று தெரிந்ததும் ஏல நேரத்தை அதற்குத் தக்கபடி மாற்றினார்கள்.

ஏட்டு தங்கப்பாண்டி ஒரு நாள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். மேலே நாகத்தைப் பார்த்தார், கீழே சீட்டைப் பார்த்தார். அவருக்குச் சீட்டுதான் உறுத்தியது.

"பொது இடத்துல சீட்டாடுதீக. காசு வச்சா ஆடுதீக?"

ஜின்பேயின் வாய் அசைந்தது. ஏட்டு காத்திருந்தார். குரல் வந்தது: "பொருளுக்காக அல்ல. மானத்தைப் பணயம் வைத்து ஆடுகிறோம்."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அதுக்கு செக்‌ஷன் கிடையாது. ஆடுங்க" என்று சொல்லிவிட்டு, தானும் ஓர் ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டுப் போனார்.

எல்லாரும் தோற்றார்கள். தோற்பதில் ஊருக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. எங்கேயோ சீமையில் தோற்று மனசொடிந்து வந்த பிள்ளை, இங்கேயாவது ஜெயிக்கட்டுமே என்று வெள்ளத்துரை அண்ணாச்சி தோற்றார், டீக்கடைக்காரர் தோற்றார், கேரளத்து வியாபாரி ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டுக் காத்திருந்து தோற்றார். தோற்றவர்கள் எல்லாரும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, "பெலமா ஆடுதீக சம்பு" என்றார்கள். அவன் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் முன்பைவிடச் சோர்வாக வீட்டுக்கு வந்தான்.

அவன் வெளுக்கிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தது முப்பிடாதிதான். கருநீலக் கோட்டு, மழைக்கு முந்தின மேகமாதிரி இருந்த கோட்டு, பத்து முறை துவைத்துக் கல்லில் அடித்த பள்ளிக்கூடச் சீருடைமாதிரி ஆகியிருந்தது. சுற்றியிருந்த கறுப்புக் கோடு பென்சில் கோடாகிவிட்டது. முழங்கைப் பக்கத்தில் யாரோ ரப்பரால் தேய்த்த தடம். அவனுக்குப் பின்னால் இருந்த டிவி ஸ்டாண்டு அவன் நெஞ்சு வழியாக மங்கலாகத் தெரிந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் வண்ணமே இல்லை, வெறும் கோடு. ரத்தம் எடுக்க ஊசி போட்டதில் ஒரு சொட்டு நீல மை வந்தது, அதுவும் தண்ணீர் கலந்தமாதிரி. "இவுகளுக்கு ரத்தம் கம்மினு சொல்ல முடியாதும்மா, மை கம்மியா இருக்கு" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையால் ஒன்றும் ஆகவில்லை. சாயப்பட்டறை வைத்திருந்த ஒருவர் இலவசமாக முக்கித் தருகிறேன் என்று சொல்லி, கோட்டோடு அவனைத் தொட்டிக்குள் இறக்கி எடுத்தார். இரண்டு நாள் பச்சையாக இருந்தான், பிறகு அதுவும் போய்விட்டது. கோவிலில் குங்குமம் தந்தார்கள். நெற்றியில் அது மட்டும் சிவப்பாக, அந்தரத்தில் மிதப்பதுபோல் இருந்தது.

தெருவில் பெண்கள் அழத் தொடங்கினார்கள். அழுதுகொண்டே அவனுக்கு இன்னும் அதிகமாகச் சோறு போட்டார்கள். அவனோடு ஆட வந்தவர்கள் இன்னும் வேகமாகத் தோற்றார்கள்.

ஒரு நாள் ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்த முப்பிடாதி அவனைத் தேடினாள். முன்னறையில் ஆள் இல்லை என்று நினைத்து நாற்காலியில் உட்காரப் போனவள், அவன் மடியிலேயே உட்கார்ந்துவிட இருந்தாள்.

"எய்யா, என்னய்யா இது! இருக்கியா இல்லையானே தெரியலையே" என்று பதறினாள். "ஒனக்கு என்னதான் வேணும்? வாயத் தொறந்து கேளு. இந்த ஊரே ஒனக்காகத் தோக்குதே."

அவன் வாய் அசைந்தது. குரல் வழக்கத்தைவிடத் தாமதமாக, அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் வந்தது.

"அதுதான் என் நோய், அம்மையே. எனக்கு எதிரி இல்லை. எதிரி இல்லாதவனை வரைவதற்கு எவருக்கும் மனம் வராது."

"நான் இருக்கேம்லா ஒனக்கு? ஒனக்காகச் சோறு தண்ணி இல்லாம கெடந்தேம்லா?"

"நீங்கள் என்னை எப்போது நேசிக்கத் தொடங்கினீர்கள்?"

முப்பிடாதி யோசித்தாள். "நீ மொதத் தடவ தோத்தியே, அந்த ரயில்வே ஸ்டேஷன் ஆட்டத்துல. அப்ப."

"அதற்கு முன் பதினோரு ஆட்டங்களில் வென்றேன்."

"அதெல்லாம் எங்க பாத்தேன். டிவிய அப்படியே ஓட விட்டுட்டு அரிசி களைஞ்சிருப்பேன்."

"ஆம்" என்றான் ஜின்பே. "நான் தோற்றால்தான் உங்களுக்கு இனிக்கிறது. நான் வென்றிருந்தால் என் பக்கம் திரும்பியும் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு வெல்லத் தெரியாது. வெல்ல ஆசைப்படவும் பயம். அதனால் தோற்கிறவர்களைக் கூட்டிவைத்துச் சோறு போடுகிறீர்கள்."

முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. முதலில் காது சிவந்தது, பிறகு மூக்கு, பிறகு கழுத்து. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் சங்கரநயினார்கூட அவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை; சொல்லாததுதான் இப்போது இன்னும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அந்த மனுஷனுக்கும் அது தெரிந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"யாருக்குல பயம்?" என்றாள். 'எய்யா' போய் 'எல' வந்துவிட்டது. "எனக்கா பயம்? என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என்னயவே கொற சொல்லுதியா? நாளைக்கு ஏலக்களத்துக்கு வால. ஒன் நாகத்தையும் கூட்டிட்டு வா. ஒன்ன மண்ணக் கவ்வ வைக்கல, என் பேரு முப்பிடாதி இல்ல."

வார்த்தையை விட்டபிறகுதான் கவனித்தாள். அவன் கோட்டின் காலரில், நகக்கண் அளவுக்கு, பளிச்சென்று கருநீலம் ஊறியிருந்தது.

மறுநாள் ஏலம் சீக்கிரமே முடிந்தது. எலுமிச்சைக் குவியல்களை ஒதுக்கி நடுவில் இடம் விட்டார்கள். முப்பிடாதி தன் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். அவளிடம் இருந்தவை சிப்ஸ் பாக்கெட்டுக்குள் இலவசமாக வருகிற சீட்டுகள்; அந்தத் தொடருக்காக அவள் ஒளித்து ஒளித்துத் தின்ற சிப்ஸ் கொஞ்சநஞ்சமல்ல. அதில் நல்ல சீட்டு எதுவும் வராது. இருந்தாலும் ஜின்பே எதிரே நிற்கும்போது எந்தச் சீட்டும் உயிர்பெறும் என்பது ஊர் கண்ட சங்கதி.

மூன்று சீட்டு ஆட்டம். எந்தப் பக்கத்தில் இரண்டு சீட்டு ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி.

வழக்கம்போல் "விட்டுக்குடுத்துரு மதினி, பாவம்" என்று ஒருத்தி சொன்னாள். முப்பிடாதி திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

முதல் சீட்டு. "சோம்பேறி ஆமை!" என்று முப்பிடாதி கூவினாள். மினி லாரி அளவுக்கு ஓர் ஆமை எழுந்து வந்து, சந்தையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, தலையை உள்ளே இழுத்துத் தூங்கிவிட்டது. ஜின்பேயின் நீலக்கல் நாகம் வாலால் ஒரு தட்டுத் தட்ட, ஆமை உருண்டு போய் வெள்ளத்துரை அண்ணாச்சி கடை வாசலில் மறைந்தது. ஒன்று போயிற்று.

இரண்டாவது சீட்டு. ஜின்பே 'பனிமலை வீரன்' என்றான். தலை முதல் கால் வரைக்கும் உறைபனியால் ஆன ஒருவன், கையில் பனிவாளோடு எழுந்தான். முப்பிடாதி போட்டது 'பசித்த பெருச்சாளி'. பெருச்சாளி சண்டைக்கே போகவில்லை. எலுமிச்சைக் குவியலைக் கண்டதும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. பனிமலை வீரன் அதை வெட்ட நடந்தான். சித்திரை மாசம், மத்தியானம், புளியங்குடி. அவன் நடந்து வர வர முழங்கால் கரைந்தது, இடுப்பு கரைந்தது, கடைசியில் குவியலுக்குப் பக்கத்தில் வாளும் ஒரு வாளித் தண்ணீரும்தான் வந்து சேர்ந்தன. பெருச்சாளி அந்தத் தண்ணீரைக் குடித்தது. ஜனம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தில், தனக்காக ஊர் கூவுகிற சத்தத்தில், முப்பிடாதிக்கு ஓர் ஆசை குபீரென்று கிளம்பியது. ஜெயிக்க வேண்டும். அவனுக்காக இல்லை, அவன் வெளுப்புக்காக இல்லை. சும்மா, ஜெயிக்க வேண்டும்.

மூன்றாவது சீட்டுக்கு ஜின்பே கோட்டை உதறிக்கொண்டு, கண்ணை மூடி, சீட்டுக்கட்டின் மேல் கையை வைத்தான். தொடரில் இந்த இடத்தில் ஒரு சனிக்கிழமை முடியும். பனியில் பட்ட பாடு, தாயாரின் கண்ணீர், மலை உச்சி எல்லாம் அவன் கண்ணுக்குள் ஓடத் தொடங்கிவிட்டன. கூட்டமும் ஆற அமர உட்கார்ந்து வேர்க்கடலையைப் பிரித்தது.

முப்பிடாதி தன் சீட்டைத் தரையில் அறைந்தாள். "வேலி ஓணான்!" ஓணான் வந்தது. சாதாரண ஓணான் அளவுதான் இருந்தது. தலையை ஆட்டியது. அவள் கையை உயர்த்தி, இருபது வருஷமாக அந்தக் களத்தை ஆண்ட குரலை எடுத்தாள்.

"என் ஓணானுக்கு எதிரா யாரு? ஒரு தரம்!"

ஜின்பே கண்ணைத் திறந்தான். இது அவன் அறியாத வழக்கம். அவசரமாகச் சீட்டை எடுத்தான்.

"ரெண்டு தரம்!"

சீட்டைப் போட்டான். அவன் வாய் அகலத் திறந்து அசைந்தது, அசைந்தது, கழுத்து நரம்பு புடைக்க அசைந்தது. குரல்தான் இன்னும் வழியில் இருந்தது.

"மூணு தரம்!" என்று முப்பிடாதி கையைத் தட்டினாள். அந்தக் களத்தில் மூணு தரம் விழுந்தபிறகு எந்த மகாராஜாவும் ஒரு பழத்தைக்கூட உரிமை கொண்டாட முடியாது. "நரகத்தின் நெருப்பு வேந்தன்!" என்ற குரல் அப்போதுதான் வந்து சேர்ந்தது, வந்து என்ன செய்ய, சீட்டு காகிதமாகவே கிடந்தது. ஓணான் அதன் மேல் ஏறி நின்று தலையை ஆட்டியது.

"இது அநீதி! இது விதிமீறல்!" என்று ஜின்பே அலறினான்.

"எங்க களம், எங்க விதி. தோத்தியா இல்லையா?"

"உன்னை விடமாட்டேன், முப்பிடாதி! ஏழு கடல் தாண்டியும் உன்னை வீழ்த்துவேன்! இந்த நொடி முதல் நீயே என் பரம எதிரி!"

அவன் அலற அலற அவன் கோட்டுக்குள் கருநீலம் பாய்ந்தது. சுற்றியிருந்த பென்சில் கோடு தடித்துக் கறுத்து, மை சொட்டுகிறமாதிரி மினுங்கியது. கண்ணுக்குள் தீ எரிந்தது. இவ்வளவு அழகாக அவன் டிவியில்கூட இருந்ததில்லை. முப்பிடாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே, "வால, வந்து பாருல" என்றாள். சங்கரநயினார் கூட்டத்துக்கு நடுவில் தன்னை மறந்து விசிலடித்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

எதிரி வீட்டில் தங்கக்கூடாது என்று அன்றே ஜின்பே தென்காசி பஸ் ஏறிவிட்டான். ராஜபாளையத்தில் ஒரு முடிதிருத்துநர் யாரிடமும் தோற்றதில்லை, சுரண்டையில் ஒரு டீச்சர் இருக்கிறார் என்று ஊர் ஊராக ஆட்டம் தேடிப் போனான். அவ்வப்போது சேதி வரும்: வென்றானாம், கோட்டு கருகருவென்று இருக்கிறதாம்.

புளியங்குடிக்கு 'பரம எதிரி' என்கிற வார்த்தை பிடித்துப்போனது. அதுவரை வாய்க்கால் தகராறிலும் சுவர்த் தகராறிலும் ஒருவரை ஒருவர் வெறுமனே ஏசிக்கொண்டிருந்தவர்கள், இப்போது முறைப்படி பரம எதிரிகள் ஆனார்கள். பரம எதிரி என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. காய்ச்சல் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்து, "சீக்கிரம் எந்திரி, ஒன்னத் தோக்கடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு வர வேண்டும். பரம எதிரி இல்லாதவர்களை ஊர் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தது. ஏட்டு தங்கப்பாண்டி சங்கரன்கோவில் ஏட்டு ஒருவரைப் பிடித்துவைத்துக்கொண்டார்.

அடுத்த தையில் உச்சிமாகாளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகை அடிக்கப் போன இடத்தில், தாய்மாமன், அத்தை, சித்தப்பா எல்லாம் எழுதி முடித்து, "இன்னும் யாராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

"பரம எதிரி ஜின்பேனு போடுங்க" என்றாள் முப்பிடாதி.

"பொண்ணு பக்கமா, மாப்பிள்ள பக்கமா?"

"பொண்ணு பக்கம். தாய்மாமனுக்கு அடுத்தாப்புல."

கல்யாணத்தன்று காலையில் அவன் வந்தான். வந்தவன் மண்டபத்துக்குள் வரவில்லை. வாசலில் கட்டிய வாழைமரத்துக்குப் பக்கத்தில், மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மார்பில் கைகட்டி நின்றான். வாழை இலையெல்லாம் அவன் பக்கமாகப் பறந்தது. மாப்பிள்ளை வீட்டார் மிரண்டுபோய், "யாரு இவுக? ஏதும் கோவமா?" என்று கேட்டார்கள். "பொண்ணோட அம்மாவுக்குப் பரம எதிரி" என்று வெள்ளத்துரை அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார். "அவுக தானா உள்ள வரமாட்டாக. சம்பந்தப்பட்டவுகளே போயி அழைக்கணும். அது மொற." மாப்பிள்ளையின் பெரியப்பா, தங்கள் பக்கத்தில் அப்படி ஒருவரைக் கூட்டிவரவில்லையே என்று சங்கடப்பட்டார்.

முப்பிடாதி பட்டுச்சேலை சரசரக்க வாசலுக்கு வந்தாள்.

"வந்துட்டியால?"

"உன்னை வீழ்த்த வந்தேன்."

"முகூர்த்தம் முடியட்டும். உள்ள வந்து சாப்பிடு."

"எதிரியின் பந்தியில் கை நனைக்க மாட்டேன். வென்றால் மட்டுமே உண்பேன்."

மேடையில் உச்சிமாகாளி கண்ணை உருட்டி, "எம்மா, வேண்டாம்மா" என்று அங்கிருந்தே சைகை காட்டினாள். முப்பிடாதி பார்க்கவில்லை. இடுப்புச் செருகலிலிருந்து சீட்டை எடுத்திருந்தாள்.

"ஒரே சீட்டு. சட்டுனு முடிச்சுக்கிடணும்" என்றாள்.

"கல் தின்னிக் கோழி!" என்று அவள் கூவவும் கோழி எழுந்தது. ஜின்பே சீட்டை உயர்த்தி வாயைத் திறந்தான். அவன் பெயர் சொல்லும் முன்னே, சீட்டின் மினுக்கத்திலேயே, வாசலுக்கு மேலே நீலமாக மேகம் திரளத் தொடங்கியது. மண்டபத்துக்குள் தவில்காரர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஏதோ நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. கெட்டிமேளத்தை அடித்துத் தள்ளிவிட்டார். கெட்டிமேளம் கேட்டதும் மாப்பிள்ளை, சொன்னபடி கேட்கிற பையன், எழுந்து தாலியைக் கட்டிவிட்டான்.

"ஒரு தரம்" என்று சொல்லத் திறந்த வாயோடு முப்பிடாதி திரும்பினாள். கூட்டத்துக்கு மேலாக, அட்சதை பறக்கிற இடைவெளியில், மகளின் குனிந்த தலை தெரிந்தது. அவ்வளவுதான், சீட்டும் களமும் மறந்துபோயின. "எம் புள்ள" என்றாள். கண் நிறைந்துவிட்டது. எண்ணுவதை நிறுத்தி அப்படியே நின்றாள்.

அவளுக்குப் பின்னால், யாரும் அவசரப்படுத்தாத நிம்மதியில், ஜின்பேயின் குரல் வந்து சேர்ந்தது. "நீலக்கல் நாகம்!"

அவள் திரும்பியபோது கோழி இல்லை. நாகம் மண்டபத்துக் கோபுர விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜின்பே சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. சிரிக்கப் பழகாத வாய் என்பதால் ஒரு பக்கம்தான் ஏறியது.

"எல, நான் எம்புள்ளயப் பாத்த நேரத்துலயா?" என்றாள் முப்பிடாதி.

"உன் களம் அல்ல. உன் விதியும் அல்ல" என்றான் அவன். கோட்டை உதறி ஒழுங்குபடுத்திக்கொண்டு, தலை நிமிர்ந்து மண்டபத்துக்குள் நுழைந்து, முதல் பந்தியில் தாய்மாமனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முப்பிடாதி மகளைக் கட்டிப்பிடித்து அழுது, மருமகனின் தலையைத் தடவிக் கொடுத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாயச வாளியைப் பரிமாறுகிறவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஜின்பேயின் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள். அவன் போதும் என்று கை காட்டினான். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"நல்லாத் தின்னு. ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிருக்கு" என்றாள். "பேரனோ பேத்தியோ, காது குத்துக்கு வா. அன்னைக்கு ஒன்ன என்ன செய்யுதேன்னு பாரு."

தாலி கட்டிப் பதினைந்து நிமிஷம்கூட ஆகியிராத உச்சிமாகாளி மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் அவள் காதோரம் குனிந்து, ரொம்ப அக்கறையாக, "எந்த மாசம் வச்சா அவருக்குத் தோதுப்படும்?" என்று கேட்டான்.